லத்தீப் பாயின் தற்காப்பு ஆராய்ச்சி

மனைவியிடம் ‘முடியாது’ என்று சொல்லி இருபத்தாறு வருஷத்தில் ஒரு தடவைகூட ஜெயித்ததில்லை என்பதால், அப்துல் லத்தீப் இந்த முறை அந்தச் சொல்லை வாயில் எடுக்கவேயில்லை. ‘ஆராய்வோம்’ என்றார்.

விஷயம் இதுதான். பேகம்பூரில் பாதிப் பெண்களுக்கு ஜாக்கெட் தைத்துக் கொடுத்த கைராசிக்காரி உம்மு சல்மா. அவளுக்குக் கன்னிவாடிப் பக்கம் ஒரு தையல் கம்பெனியில் சூப்பர்வைசர் வேலை வந்திருந்தது. வாரத்துக்கு ஆறு நாள். மாசக் கடைசிக்குள் சேர்ந்துவிட வேண்டும். தன் ஸ்கூட்டரிலேயே போய்வந்துவிடுவேன் என்று சொல்லிவிட்டாள்.

லத்தீப் பாய்க்கு வேலையோடு எந்தப் பகையும் இல்லை. அவருடைய பிரச்சினை மதியம் ஒரு மணி. தோல் மண்டியில் தரகு பார்த்துவிட்டு அந்த நேரத்துக்கு வீட்டுக்கு வந்தால் ஆவி பறக்கும் சோறு, குழம்பு, ரெண்டு வெஞ்சனம் தயாராக இருக்கும். சல்மா கன்னிவாடிக்குப் போனால் அந்த ஆவி போய்விடும். இதை வெளியே சொல்ல முடியுமா? அதனால் பாதுகாப்பு என்ற பெரிய வார்த்தையைப் பிடித்துக்கொண்டார்.

“ரெட்டியார்சத்திரம் தாண்டிட்டா ஆள் நடமாட்டமே இருக்காது சல்மா. ஒருத்தன் வண்டிய மறிச்சா என்ன செய்வ?”

“ஹாரன் அடிப்பேன்.”

“கையப் பிடிச்சுட்டா?”

“என் கையப் பிடிச்சு இழுக்க உங்களுக்கே இம்புட்டு வருஷமா தைரியம் வரல. எவனோ ஒருத்தனுக்கு வந்துருமாக்கும்?”

“விளையாடாத. தற்காப்புக் கலை ஒண்ணக் கத்துக்க. அப்புறம் தாராளமாப் போ.”

“எதக் கத்துக்க?”

“அத நான் பாத்துச் சொல்றேன். ஆயிரம் கலை இருக்கு. நிஜமான அடிதடின்னு வந்தா எது உதவும்னு ஒப்பிட்டுப் பாக்கணும்ல?”

“பாருங்க. அவசரமே இல்ல. நல்லா நிதானமாப் பாருங்க.”

இவ்வளவு லேசில் சல்மா ஒப்புக்கொண்டபோதே மனுஷன் உஷாராகியிருக்க வேண்டும். ஆகவில்லை. மாசக் கடைசி வரைக்கும் இந்த ஆராய்ச்சியை ஜவ்வு மாதிரி இழுத்துவிட்டால் வேலை தானாகக் கைநழுவிப் போகும் என்ற சந்தோஷத்தில், எண்பது பக்க நோட்டு ஒன்று வாங்கிக்கொண்டு கிளம்பிவிட்டார்.

மறுநாள் திங்கட்கிழமை. அன்றிலிருந்து மதியம் ஒரு மணிக்கு அவர் வண்டி வீட்டுப் பக்கம் திரும்பவில்லை. மண்டியிலிருந்து நேராக மாஸ்டர்களைத் தேடிப் போனார். போகிற இடத்தில் மாஸ்டரையும் கூட்டிக்கொண்டு பிரியாணி சாப்பிட்டார். ஆராய்ச்சி என்றால் வயிறு காயக் கூடாது. சாயங்காலம் ஆறு மணிக்கு வீட்டுக்கு வந்து, துணி மடித்துக்கொண்டிருக்கும் சல்மாவிடம் நோட்டைப் பிரித்து வைத்துக்கொண்டு அறிக்கை வாசிப்பார்.

“கராத்தே ஆல்வின் மாஸ்டரப் பாத்தேன். தங்கமான மனுஷன். ஆனா சண்டைக்கு முன்னாடி குனிஞ்சு வணக்கம் வைக்கணுமாம். குனிஞ்ச கழுத்துல சங்கிலி அறுக்குறது திருடனுக்கு எம்புட்டு வசதி!”

“அப்ப அது வேணாம். வேற பாருங்க.”

மறுநாள் குத்துச்சண்டை. “கையுறை மாட்டி லேஸ் கட்டி முடிக்கிறதுக்குள்ள திருடன் எரியோடு ஊருக்கே போய்ச் சேந்துருவான். அதுவும் ரெண்டாவது கைக்கு லேஸ் கட்டிவிட யாரு இருக்கா? அவனத்தேன் கூப்பிடணும்.”

ஜூடோவும் தேறவில்லை. எதிராளியின் காலரைப் பிடித்துத் தூக்கி எறிய வேண்டுமாம். “பனியனோட வர்றவன எதப் பிடிச்சுத் தூக்குவ?” என்று கேட்டுவிட்டு, அந்தக் கேள்வியின் அழகில் தானே செத்த நேரம் மயங்கி நின்றார்.

சிலம்பத்தைத்தான் ரொம்ப ஆராய்ந்தார். ரெட்டியார்சத்திரத்திலிருந்து மண்டிக்கு ஆட்டுத்தோல் கொண்டுவரும் சடையாண்டி பெரிய சிலம்ப வாத்தியார். மண்டி வாசலிலேயே கம்பு சுற்றிக் காட்டினார். காற்று கிழிகிற சத்தம் கேட்டது. ஒரு டீ கிளாஸும் போனது.

“சடையாண்டி கம்பத் தொட்டா பத்துப் பேரு கிட்ட வர முடியாது, ஒத்துக்கிறேன். ஆனா ஆறடிக் கம்ப ஸ்கூட்டர்ல எப்படிக் கொண்டுபோவ? குறுக்க வச்சா ரெண்டு பக்கமும் போறவன் சாய்வான். நீளவாக்குல வச்சா சிக்னல்ல முன்னாடி நிக்கிறவன் முதுகுல குத்தும். கடைசியில கேஸு நம்ம மேலதேன் வரும்.”

சல்மா ஒரு சேலையை நான்காக மடித்து வைத்தாள். முகம் கொஞ்சம் களைத்திருந்தது. வீட்டிலேயே இருக்கிற பொம்பளைக்கு என்ன களைப்போ என்று அவருக்கு ஒரு கணம் தோன்றி, மறைந்தது.

“ஏங்க, களரின்னு ஒண்ணு சொல்றாங்களே. அத விட்டுட்டீங்களே?”

“அட, ஆமா!”

“மல்யுத்தம், குங்ஃபூ எல்லாம் இருக்கு. அரைகுறையா விட்டா நல்லாவா இருக்கும்? இன்னொரு வாரம் எடுத்துக்கங்க.”

லத்தீப் பாய்க்குக் கண் கலங்கிவிட்டது. தன் உழைப்பை மதிக்கிற மனைவி எத்தனை பேருக்கு வாய்க்கும்! சனிக்கிழமை மாஸ்டர்களுக்குப் பிள்ளைகள் வகுப்பு என்பதால், அன்றைக்கு மட்டும் வீட்டில் உட்கார்ந்து கோடு போட்டு, சிவப்பு மையில் மார்க் போட்டார். மற்ற நாளெல்லாம் களமிறங்கினார். ரெண்டு வாரத்தில் நோட்டும் நிறைந்தது, இடுப்பு பெல்ட்டில் ஒரு ஓட்டையும் தள்ளிப் போனது.

மாசம் முடிய ஒரு நாள் இருக்கையில், ஞாயிற்றுக்கிழமை காலை, தீர்ப்பு சொல்ல உட்கார்ந்தார். சாட்சிக்குச் சடையாண்டியை வரவழைத்திருந்தார்.

“எட்டுக் கலையப் பாத்தாச்சு. எட்டும் மைதானத்துக்கு லாயக்கு, ரோட்டுக்கு ஆகாது. என்ன செய்ய சல்மா? அல்லாஹ் நாடல.”

“நான் கலையே இல்லாமத் தப்பிச்சுட்டா?”

“அதெப்படி முடியும்?”

“நீங்கதேன் திருடன். வந்து பிடிங்க. பிடிச்சுட்டா நான் வேலைப் பேச்சே எடுக்க மாட்டேன்.”

லத்தீப் பாய் எண்பத்திரண்டு கிலோ. சல்மா அதில் பாதிக்குக் கொஞ்சம் மேலே. அவர் சிரித்துக்கொண்டே கைலியை மடித்துக் கட்டினார். ரெண்டு வாரம் பார்த்துப் பார்த்து எட்டுக் கலையும் உடம்பில் ஊறிவிட்டதாக நினைப்பு. கால் ஒன்றைக் கராத்தே மாதிரியும், கை ஒன்றைக் களரி மாதிரியும் வைத்துக்கொண்டு முன்னால் வந்தார். சடையாண்டி ஒதுங்கி நின்றார்.

சல்மா பின்வாங்கவில்லை. சடையாண்டி தோளில் கிடந்த துண்டை உருவினாள். தன் வலது கையின் மேல் போட்டு மூடினாள். மூடிய கையை அவர் பக்கமாக நீட்டினாள். அவ்வளவுதான் செய்தாள்.

தோல் மண்டியில் விலையை வாய்விட்டுப் பேச மாட்டார்கள். கையின் மேல் துண்டைப் போட்டு, உள்ளே விரலைப் பிடித்துப் பிடித்தே பேசி முடிப்பார்கள். சுற்றி நிற்கிறவனுக்கு ஒன்றும் தெரியாது. தரகுக்கு வந்த நாளிலிருந்து, துண்டு மூடிய கை ஒன்று எதிரே நீண்டால் லத்தீப் பாயின் கை தானாக உள்ளே போய்விடும். யோசிப்பதெல்லாம் அதற்கு அப்புறம்தான்.

இப்போதும் போனது.

உள்ளே சல்மா அவருடைய சுண்டு விரலைப் பிடித்துப் பின்பக்கமாக மடக்கினாள். முப்பது வருஷம் கத்தரிக்கோல் பிடித்த கை.

“யா அல்லாஹ்!”

கராத்தே கால் மடங்கியது. களரிக் கை தரையைத் தொட்டது. எண்பத்திரண்டு கிலோவும் முழங்காலில் நின்றது.

“வாரத்துக்கு எத்தன நாளு?” என்றாள் சல்மா, ரொம்ப அமைதியாக.

“விடு புள்ள, ஒடஞ்சுரும்! ரெண்டு நாளு போ!”

விரல் இன்னும் கொஞ்சம் மடங்கியது.

“நாலு! நாலு!”

“கட்டாதுங்க.”

“ஆறு! ஆறு நாளும் போ!”

சடையாண்டி சட்டென்று முன்னால் வந்து துண்டை உருவி உதறித் தோளில் போட்டார். “முடிஞ்சது!” என்றார்.

“என்னய்யா முடிஞ்சது? இது என்ன வியாபாரமா?”

“துண்டுக்குள்ள பேசுனா வியாபாரந்தேன் பாய். ஆறுன்னு உங்க வாயாலயே சொன்னீங்க. துண்டுக்குள்ள பேசுனத மாத்துன தரகன்கிட்ட நாளைக்கு மண்டியில எவன் கை கொடுப்பான்?”

லத்தீப் பாய்க்கு நெஞ்சில் அடித்தது மாதிரி இருந்தது. விரல் வலியைவிட இது பெரிய வலி. தரகருக்கு வாக்குதான் சொத்து. ஒருமுறை கூட அவர் துண்டுக்குள் பேசியதிலிருந்து பின்வாங்கியவரில்லை. சுண்டு விரலை ஊதிக்கொண்டே எழுந்து, மிச்சமிருந்த கௌரவத்தைத் திரட்டினார்.

“சரி. வாக்கு வாக்குதேன். நாளைக்குப் போய்ச் சேரு. ஆறு நாளும் தாக்குப் பிடிக்கிறியான்னு நானும் பாக்குறேன்.”

சல்மா அவர் விரலைத் தன் கையில் எடுத்து, இதமாக நீவிவிட்டாள்.

“நாளைக்கு என்னத்தச் சேர? நீங்க ஆராய்ச்சிக்குக் கிளம்புன அன்னிக்கே நானும் சேந்துட்டேங்க. வாரத்துக்கு அஞ்சு நாளு போய்க்கிட்டுத்தேன் இருக்கேன். சனிக்கிழமை ஒரு நாளுதேன் நீங்க வீட்ட விட்டு நகர மாட்டேங்குறீங்க.”