வசனக்காரரின் ஐந்தாவது சபை

ஒவ்வொரு தேயிலைத் தோட்டத்திலும் ஒரு வசனக்காரர் இருக்கிறார். வேதாகமத்தைக் கையில் வைத்திருக்கிற எல்லோரையும் சொல்லவில்லை. அவர்கள் பாவம், ஞாயிற்றுக்கிழமை சேர்ச்சுக்குப் போய்விட்டு, வரும் வழியில் கோழி வாங்கிக்கொண்டு வீடு வந்து சேர்கிறவர்கள். வசனக்காரர் வேறு ரகம். மழை வரும்போல இருக்கிறது என்று அவரிடம் வாய்தவறிச் சொல்லிவிடாதீர்கள், நோவாவின் பேழை எத்தனை முழம் என்பதில் ஆரம்பித்து, அந்த முழம் யாருடைய முழம் என்பதில் உங்கள் பஸ்ஸைத் தவறவிட்டுவிடுவீர்கள். உங்கள் மேல் அவருக்குக் கோபமெல்லாம் இல்லை. நீங்கள் சொல்வது தப்பாக இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

பொகவந்தலாவைப் பக்கத்துத் தோட்டமொன்றில் அப்படி ஒருவர், கந்தப்பன். தேயிலைத் தொழிற்சாலையில் வேலை. ஒரு சபை அவருக்குப் பவுல் என்று பெயர் வைத்தது, அடுத்த சபை எலியா என்று மாற்றியது. லயத்து வரிசை வீடுகளின் சனங்கள் இரண்டையும் காதில் போட்டுக்கொள்ளாமல் ‘வசனம் கந்தப்பன்’ என்றே கூப்பிட்டார்கள்.

வெள்ளைக்காரத் துரை காலத்தில் கருங்கல்லால் கட்டிய மேட்டுச் சேர்ச்சில்தான் முதலில் இருந்தார். ஞானஸ்நானத்துக்குத் தலையில் தண்ணீர் தெளித்தால் போதுமா, முழுசாக முங்க வேண்டுமா என்று போதகரோடு வாக்குவாதப்பட்டு, இனி இந்தப் படி மிதிக்க மாட்டேன் என்று எல்லோர் முன்னாலும் சத்தியம் பண்ணிவிட்டு இறங்கி, மார்கழிக் குளிரில் ஆற்றில் முங்கி, நடுங்கிக்கொண்டே தகரக் கூரைச் சபையில் சேர்ந்து, அங்கே ஆராதனையில் டிரம் அடிக்கலாமா என்பதில் முறைத்து, பொன் நகை போடக்கூடாது என்ற மூன்றாவது சபைக்குப் போய், ஓய்வுநாள் சனியா ஞாயிறா என்பதில் அதையும் விட்டு, நாலாவதிலிருந்து எதற்காக வந்தார் என்பது அவருக்கே மறந்துபோய், கடைசியில் சொந்த வீட்டு முன் காம்பராவில் ஐந்தாவது சபையைத் தொடங்கினார். உறுப்பினர்கள் அவர், மனைவி மீனம்மா, மகள் நிலக்ஷி. பக்கத்துக் காம்பராக் காளியாயியும் வந்து உட்காருவாள். அவள் மாரியம்மன் தேருக்கும் போவாள், இங்கே பிளேன்டீக்கும் வருவாள். எந்த வசனத்துக்கும் தலையாட்டுவாள். கந்தப்பன் சண்டை போடாத ஒரே விசுவாசி அவள்தான்.

இந்தப் பிரிவினைகளால் லாபம் கண்டவர் பசாரில் இரும்புச் சாமான் கடை வைத்திருக்கும் ஹலீம். ஒவ்வொரு புதுச் சபைக்கும் தகரமும் பிளாஸ்டிக் கதிரையும் அவரிடமிருந்துதான் போகும்.

“கந்தப்பண்ணே, அடுத்தது எப்ப பிரியுதுன்னு முன்னாடியே சொல்லுங்க. தகரம் எடுத்து வைக்கணும்.”

மீனம்மாவுக்கு இதில் சிரிப்பு வரவில்லை. ஒவ்வொரு சபையிலும் பாட்டெல்லாம் மனப்பாடமாகிற நேரத்தில் பாயைச் சுருட்டிக்கொண்டு புருசன் பின்னால் கிளம்பியவள் அவள். அது கூடப் பரவாயில்லை. மூன்றாவது சபைக்காரர்கள் பொன் கூடாது என்றபோது, கந்தப்பன் பேதுருவிலும் தீமோத்தேயுவிலும் ஆதாரம் காட்டி அவள் தாலியைக் கழற்றச் சொன்னார். கழற்றிப் பால்மா டின்னில் போட்டாள். பிறகு அவர் அந்தச் சபையை விட்டு வந்துவிட்டார். தாலி மட்டும் டின்னை விட்டு வரவில்லை. மலையில் கொழுந்தெடுக்கும்போது கை தன்னாலே கழுத்துக்குப் போய் வெறுங்கையாகத் திரும்பும். “ஏண்டி, ஒம் புருசன் இருக்காரா போய்ட்டாரா?” என்று நிரையில் நிற்கிறவர்கள் கேலி பண்ணுவார்கள். அவளும் சிரிப்பாள். சிரித்துவிட்டு வீட்டுக்கு வந்து அழுவாள்.

இப்படி இருக்கையில் நிலக்ஷிக்குக் கல்யாணம் கூடியது. மாப்பிள்ளை நிரோஷன், டிக்கோயாவில் ஓட்டோ ஓட்டுகிறவன். பையன் தங்கம். ஆனால் அவன் குடும்பம் மேட்டுச் சேர்ச். கல்யாணமும் அங்கேதான், தாலியும் உண்டு.

“நான் அந்தப் படி மிதிக்க மாட்டேன்னு சொன்னவன். தாலின்னா வரவே மாட்டேன். பொன் கூடாதுன்னு வசனம் இருக்கு” என்றார் கந்தப்பன்.

நிலக்ஷி முன்பள்ளியில் பிள்ளைகளுக்குப் படிப்பிக்கிறவள், பொறுமைசாலி. “அப்பா, அதே வசனத்துல தலமுடிய பின்னாதீங்கன்னும் இருக்கே. அம்மா தெனமும் எனக்குப் பின்னி விடுறாங்களே?”

“அது அந்தக் காலத்துச் சடைம்மா. வேற.”

“அப்ப பொன்னு மட்டும் இந்தக் காலத்துதா?”

அதற்கு மூல பாஷையில் ஒரு விளக்கம் இருப்பதாகச் சொன்னார். மூல பாஷை அவருக்குத் தெரியாது. உங்களுக்கும் தெரியாதல்லவா, அந்தத் தைரியம்தான். அப்பா கையைப் பிடித்துக்கொண்டு சேர்ச்சுக்குள் நடக்க வேண்டும் என்பது நிலக்ஷியின் சின்ன வயசு ஆசை. அது நடக்காது என்று அன்றைக்கே முகம் வாடிவிட்டது.

கல்யாணத்தன்று காலையில் மீனம்மா சுவர்த் தட்டிலிருந்து பால்மா டின்னை இறக்கினாள். தாலியை எடுத்தாள், சேலைத் தலைப்பால் துடைத்தாள், கண்ணாடி முன்னால் நின்று போட்டுக்கொண்டாள்.

கந்தப்பன் வேதாகமத்தோடு ஓடி வந்தார். “இது எந்த வசனத்துல இருக்கு?”

“வசனம் ஒண்ணும் இல்லங்க. கழுத்து என்னோடது. அம்புட்டுதான்.”

கந்தப்பன் வேதாகமத்தைப் பிரித்தார். மத்தேயுவோடு வந்தவனை மாற்குவால் மடக்கலாம், ரோமரோடு வந்தவனை யாக்கோபால் சாய்க்கலாம். வசனமே இல்லாமல் வந்து நிற்கிறவளை என்ன செய்வது? பக்கங்களைப் புரட்டிக்கொண்டே குடையை எடுத்தார். “வாசல் வரைக்கும் வர்றேன்” என்றார்.

சேர்ச் வாசலில் தூறல். உள்ளே கல்யாணப் பாட்டுக்கு ஓகன் வாசிக்க ஆரம்பித்துவிட்டார்கள், மாப்பிள்ளை திரும்பித் திரும்பிப் பார்க்கிறான். நிலக்ஷி படியேறாமல் நின்றாள்.

“போம்மா. அப்பா இங்கயே நிக்கிறேன்.”

“சரிப்பா. நானும் இங்கயே நிக்கிறேன்.”

குடைக்குக் கீழே அவசர அவசரமாகப் புரட்டினார். ஒரு சபையை விட்டு வெளியே போக அவரிடம் நூறு வசனம் தயாராக இருந்தது. உள்ளே போக ஒன்றைக்கூட அவர் தேடி வைத்திருக்கவில்லை.

“குடுங்க, நனையுது” என்று மீனம்மா வேதாகமத்தை வாங்கித் தன் கைப்பையில் போட்டுப் பூட்டினாள். வெறுங்கையாகிப்போன அந்தக் கையை நிலக்ஷி பிடித்துக்கொண்டாள். கந்தப்பன் படியை மிதித்தார். சத்தியம் உடைந்தது, கூரை இடிந்து விழவில்லை.

தாலி கட்டும்போது அவர் அழுதது உண்மை. போதகர் பிரசங்கத்தில் ஏதோ ஒரு வசனத்தைச் சொன்னபோது கை கைப்பைப் பக்கம் ஊர்ந்ததும் உண்மை. மீனம்மா பையை மடியின் மறுபக்கத்துக்கு மாற்றிவைத்தாள்.

திருந்திவிட்டார் என்று நினைக்காதீர்கள். விருந்துக்கு வந்த ஹலீமை ஒரு மூலைக்குத் தள்ளிக்கொண்டு போய், “அந்த வசனத்துக்குப் போதகர் குடுத்த அர்த்தமே தப்பு” என்று ஆரம்பித்தார்.

ஹலீம் வட்டிலப்பத்தை வாயில் வைத்தபடியே கேட்டார். “எத்தன தகரம்?”

நம்ம பக்கத்து வீட்டுக்காரரை அப்படியே உரித்துவைத்திருக்கிறார்களே என்று இந்நேரம் சிரித்துக்கொண்டிருப்பீர்கள். நன்றாகச் சிரியுங்கள். ஆனால் நிலக்ஷி சடையைப் பற்றிக் கேட்ட இடத்தில், ‘அதற்கு அர்த்தம் அப்படி இல்லையே’ என்று ஒரு கணம் உங்கள் விரல் உயர்ந்திருந்தால், உங்களுக்கும் ஒரு தகவல். ஹலீம் கடை ஞாயிற்றுக்கிழமையும் திறந்திருக்கும்.