கணுக்கால் மடங்காத பூட்ஸ்

இயேசு மரி சூசை துணை

ஏலப்பாறை,
நவம்பர், மழை விட்ட ஒரு செவ்வாய்க்கிழமை.

என் அன்பு மகள் ஜிஸ்மிக்கு,

அப்பா இன்னாசிராஜ் ஆசீர்வாதத்துடன் எழுதிக்கொள்வது. மாதா புண்ணியத்தில் இங்கே அம்மா நலம், கோழிகள் நலம், கோயம்புத்தூரில் உன் அண்ணன் வினோ நலம். நானும் நலம் என்று எழுதினால் அது பொய். பொய் சொல்வது பாவம் என்று சொல்லித்தான் உன்னை வளர்த்தேன். என் இடுப்பும் இடது முழங்காலும் நலமில்லை. காரணத்தைக் கீழே விவரமாக எழுதுகிறேன், படித்துவிட்டுச் சிரிக்கக் கூடாது. போனில் சொல்லியிருக்கலாம். ஆனால் நான் வாயைத் திறந்ததும் “அப்பா, டூட்டிக்கு நேரமாச்சு” என்று வைத்துவிடுகிறாய். அப்புறம் அம்மாவும் நானும் கறுத்துப்போன திரையையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருக்கிறோம். காகிதத்துக்கு டூட்டி கிடையாது.

விஷயத்துக்கு வருகிறேன். போன பனிக்காலத்தில் நீ அங்கே கனடாவில், ஆஸ்பத்திரி வேலை முடிந்து, உறைந்த குளத்தின் மேல் வாடகை பூட்ஸ் மாட்டிக்கொண்டு சறுக்கப் போய் விழுந்தாயே, அன்றைக்கு வீங்கிய கணுக்காலை வீடியோவில் காட்டிச் சிரித்தாய். “பூட்ஸு தொளதொளன்னு பக்கவாட்டுல மடங்கிருச்சுப்பா, காலும் அதோட போயிருச்சு” என்றாய். நீதான் சிரித்தாய், நாங்கள் சிரிக்கவில்லை. அம்மா தைலப் புட்டியைத் திறந்து கையில் ஊற்றிவிட்டாள். ஊற்றிய பிறகுதான் தடவுவதற்குக் கால் இங்கே இல்லை என்று உறைத்தது. வீணாகப் போகக் கூடாதென்று அதை என் காலில் தேய்த்துவிட்டாள். நோவே இல்லாத காலில் தைலத்தோடு உட்கார்ந்திருந்தபோதுதான் முடிவெடுத்தேன், என் மகளுக்குக் கணுக்கால் மடங்காத பூட்ஸை நானே செய்து அனுப்புவது என்று. எஸ்டேட்டில் காலமெல்லாம் மஸ்டர் எடுத்து ஆள் கணக்குப் பார்த்த சூப்பர்வைசருக்கு ஒரு ஜோடி பூட்ஸ் பெரிய வேலையா?

அதற்குக் கால் அளவு வேண்டுமே. “புள்ளைக்கு ஒரு போனப் போட்டுக் கேட்டுப்புடலாம்ல?” என்றாள் அம்மா. எனக்கு ரோஷம் வந்துவிட்டது. “பெத்த புள்ள கால் அளவப் போன் போட்டாடி கேப்பாக? உள்ளங்கையில வச்சு வளத்த காலு!” என்றேன். நர்சிங் படிக்கப் போகிற வரைக்கும் மழைக்கும் அட்டைப்பூச்சிக்கும் நீ போட்டுத் திரிந்த ரப்பர் கம்பூட்ஸ் இன்னும் கதவுக்குப் பின்னால்தான் கிடந்தது. அதை எடுத்தேன். “என்னங்க, அந்த பூட்ஸு வந்து…” என்று அம்மா ஏதோ ஆரம்பித்தாள். “சும்மா இரு” என்றேன். உள்ளே நுனியில் நீலத் துணிச் சுருள் ஒன்று அடைந்து கிடந்தது. எலி வேலை என்று எண்ணி, கோழிக்கூட்டுப் பக்கம் தூக்கி எறிந்தேன். பிறகு சிமெண்டைக் குழைத்து பூட்ஸுக்குள் ஊற்றிக் காயவிட்டு, ரப்பரைக் கிழித்து உரித்தேன். இரண்டு காலும் சிமெண்டில் வந்து நின்றன. ஜிஸ்மி, சொன்னால் நம்பமாட்டாய், மேசைமேல் அவற்றை வைத்ததும் நீயே வீட்டுக்கு வந்துவிட்ட மாதிரி இருந்தது. மத்தியானம் சாப்பிட உட்காரும்போது உனக்கும் ஒரு தட்டு எடுத்து வைத்துவிட்டேன். அம்மா அதை உள்ளே கொண்டுபோய் வைத்தாள்.

பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் டூவீலர் ஒர்க்‌ஷாப் வைத்திருக்கிற மிக்கேல்ராஜைக் கூட்டு சேர்த்துக்கொண்டேன். கணுக்காலைத் தாங்க பூட்ஸுக்குள்ளேயே எலும்பு மாதிரி ஒன்று வேண்டும் என்றான் அவன். பைக் சீட்டுக்குப் போடுகிற ரெக்சினை இரண்டு அடுக்காகத் தைத்து, நடுவே பழைய குடைக்கம்பிகளைச் செருகினோம். மாட்டிக்கொண்டு எழுந்து நின்றேன். கம்பிகள் எல்லாம் ஒன்றாக விரிந்துவிட்டன, குடைக்கம்பியாயிற்றே, அதற்குத் தெரிந்தது அதுதான். அடுத்து, தண்ணீர் பைப்பை நெடுக அறுத்து, அடுப்பில் காட்டி இளக்கி, சிமெண்டுக் காலைச் சுற்றி வளைத்துத் தைத்தோம். அது நின்றது. எப்படி நின்றது என்றால், மாட்டியவன் உட்கார முடியாது. படி இறங்கவும் முடியாது, மிக்கேல்ராஜும் இன்னொருவரும் என்னைத் தூக்கித்தான் இறக்கினார்கள். கடைசியில் முன்பக்கம் ஒரு வெட்டு விட்டோம். இப்போது முன்னால் குனியலாம், பக்கத்தில் மட்டும் சாய முடியாது. உனக்கு வேண்டியதும் அதுதானே!

அட்டைப்பூச்சி ஏறாமலிருக்க உள்ளே கெட்டித் துணியில் உறை வைத்து, மடிப்பில் மூக்குப்பொடியும் உப்பும் போட்டுத் தைத்தேன். அது இல்லாமல் நம் பக்கம் பூட்ஸ் உண்டா? மிக்கேல்ராஜ் பதறிப்போனான். “அண்ணே, அந்த ஊருல ரோட்டுப் பனிய உருக்க உப்பத்தான் கொட்டுவாகளாம். புள்ள நிக்கிற எடத்துல ஓட்ட விழுந்து உள்ள போயிரப்போகுது!” உப்பை அப்போதே பிரித்துக் கொட்டினேன். மூக்குப்பொடி இருக்கட்டும். அங்கே அட்டை கிடையாது என்பாய், எந்த ஊரானாலும் ரத்தம் குடிக்க ஏதாவது ஒன்று இருக்கத்தான் செய்யும்.

இனி சோதித்துப் பார்க்கவேண்டும். ஏலப்பாறையில் ஐஸ் ஏது? கேட்டால் மீன்காரர் பெட்டியைத் திறந்து காட்டுகிறார். அதனால் அடியில் ட்ராலிச் சக்கரங்களை முடுக்கினோம். நம் மலையில் சமதரை என்றால் கோயில் ஹால் ஒன்றுதான், அங்கே பாடல்குழு கிறிஸ்மஸ் பாட்டுப் பழகிக்கொண்டிருந்தது. பூட்ஸை நான்தான் மாட்டிக்கொண்டேன். என்ன அதிசயம்! என் காலுக்கு அளவெடுத்த மாதிரி சேர்ந்தது. “பாத்தியா ஞானஜோதி, மக அப்பன் காலக் கொண்டு பொறந்திருக்கா!” என்றேன், வேடிக்கை பார்க்க வந்த அம்மாவிடம். “அதத்தாங்க நான் அன்னைக்கே சொல்ல வந்தேன்…” என்றாள். “அப்புறம் சொல்லு” என்பதற்குள் மிக்கேல்ராஜ் பின்னாலிருந்து தள்ளிவிட்டான். அதன்பிறகு நடந்த எதுவும் என் இஷ்டப்படி நடக்கவில்லை. கீபோர்டுக்காரரைத் தாண்டினேன், பாடுகிற பெண்கள் இரண்டாகப் பிரிந்து வழிவிட்டார்கள், கிறிஸ்மஸ் குடிலுக்காக அடுக்கியிருந்த வைக்கோலில் தலைகுப்புறப் போய் விழுந்தேன். யானைக்கும் அடி சறுக்கும் என்பார்கள். யானைக்கு மிச்சம் மூன்று கால் இருக்கிறது, எனக்கு என்ன இருக்கிறது? ஃபாதர் ஓடிவந்து பார்த்துவிட்டு, “இன்னாசி, பாலன் இயேசுவப் பாக்க மூணு ராசாவும் ஒட்டகத்துல வந்தாப் போதும்யா” என்றார். இடுப்பு பிடித்துக்கொண்டது, முழங்கால் வீங்கிவிட்டது. ஆனால் கணுக்கால்? வைக்கோலில் கிடந்தபடியே தடவிப் பார்த்தேன். மடங்கவே இல்லை! எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது. வலியில் அழுகிறேன் என்று எல்லாரும் நினைத்துக்கொண்டார்கள்.

ஆகவே இனி நீ பயப்படாமல் சறுக்கலாம். விழுந்தால் தூக்கிவிட நான் பக்கத்தில் இல்லை, எனக்குப் பதிலாக இந்த பூட்ஸ் இருக்கும். கிறிஸ்மஸுக்கு வருவாயா என்று நான் கேட்கவில்லை, கேட்கவும் மாட்டேன். லீவு கிடைப்பது கஷ்டம் என்றாய். வேலைதான் முக்கியம், வரவேண்டாம்மா. முற்றத்தில் ஸ்டார் கட்ட மிக்கேல்ராஜ் இருக்கிறான், போன வருஷமும் அவன்தான் கட்டினான், தலைகீழாக. உன் கட்டிலில் குருமிளகு காயப்போட்டிருக்கிறோம் என்று போனில் சொன்னேன் அல்லவா, அது பொய். கட்டில் அப்படியேதான் இருக்கிறது. சனிக்கிழமை தவறாமல் அம்மா விரிப்பு மாற்றுகிறாள். யாரும் படுக்காத விரிப்பில் அழுக்கு ஏது என்று கேட்டேன், தலையணை உறையையும் உருவிக்கொண்டு போனாள். எனக்கும் உன்னைப் பார்க்கவேண்டும் போலத்தான் இருக்கிறது, ஜிஸ்மி. சாயங்காலம் கட்டப்பனை பஸ் வந்து நிற்கிற சத்தம் கேட்டால் இன்னும் எழுந்து வாசலுக்குப் போய்விடுகிறேன். அதற்காக நீ வரவேண்டாம்.

சக்கரங்களைக் கழற்றிவிட்டேன், பனியில் சறுக்குகிற கத்தியை அங்கேயே முடுக்கிக்கொள், அடியில் ஓட்டை போட்டிருக்கிறது. ஞாயிறு பூசையை விடாதே, வெறும் வயிற்றில் டூட்டிக்குப் போகாதே. மாதா உன்னையும் உன் கணுக்கால்களையும் காத்து நடத்துவாளாக. அம்மா உனக்கு முத்தம் சொல்லச் சொன்னாள்.

இப்படிக்கு,
உன் கால் அளவை மறக்காத அப்பா,
ச. இன்னாசிராஜ்

பின்குறிப்பு: பார்சலை மூடுவதற்கு முன்னால் இதை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். கம்பூட்ஸ் இடம் வந்ததும், “இப்பவாச்சும் என்னப் பேச விடுவீகளா?” என்றாள். அது வினோவுடையதாம். அப்பன் கால் கொண்டு பிறந்தவன் அவன்தானாம். அவன் போட்டுக் கழித்ததைத்தான் நீ போட்டாயாம், முன்னால் அம்மாவின் நீலச் சேலைத் துணியைத் திணித்துக்கொண்டு. “அப்பாட்ட சொல்லாதம்மா, பெருசா இருந்தா நல்லதுதான்”னு நீதான் சொன்னியாம். எனக்குத் தெரியாதும்மா. பார்சல்ல வச்சத வெளிய எடுத்தாச்சு. பூட்ஸ் வினோவுக்குப் போகுது, கோயம்புத்தூர்ல எங்க சறுக்குவாங்கிறது அவன் பாடு. கோழிக்கூட்டுப் பக்கம் தேடி அந்தத் துணிய எடுத்தேன், துவைச்சுக் கொடியில போட்டிருக்கேன். சிமெண்டு பாதி மூட்டை மிச்சம் இருக்கு. மேல வரவேண்டாம்னு எழுதினதெல்லாத்தையும் அடிச்சிரு. பெத்த புள்ள கால் அளவு இந்த அப்பனுக்குத் தெரியல. போன்ல நம்பர் சொல்லிராத. காலக் கொண்டுக்கிட்டு வா.