மாப்பிள்ளை வண்டிக்குப் போட்ட பூட்டு

எனக்கு ஒரு வியாதி உண்டு. கண்ணில் பட்டதையெல்லாம் பூட்டிவிடுவேன். கிரில், அலமாரி, தபால் பெட்டி எதுவும் தப்பாது. (பிஸ்கட் டின்னுக்கும் பூட்டுப் போட்டிருக்கிறேன். காரணம் கேட்காதீர்கள்.) இந்த வியாதியின் உச்சத்தில் ஒருமுறை, என்னைப் பெண் பார்க்க வந்தவரின் மோட்டார் சைக்கிளையே எங்கள் வீட்டோடு சேர்த்துப் பூட்டினேன்.

இதெல்லாம் அப்பாவின் பழைய மோட்டார் திருடு போனதிலிருந்து தொடங்கியது. எங்கள் ஊரான ரெம்பியாவில் தோசை வாங்கப் போனவர், பொட்டலத்தோடு வேகாத வெயிலில் நடந்தே வீடு வந்து சேர்ந்தார். அம்மா இறந்து நான்கு மாதம்கூட ஆகவில்லை. "எல்லாம் சொல்லாமலே போகுதும்மா" என்று மட்டும் சொல்லிவிட்டுத் தோசையைப் பிரித்தார். அன்றைக்கு அவர் சாப்பிடவில்லை, நானும் சாப்பிடவில்லை.

இனி இந்த மனிதரிடமிருந்து ஒரு துரும்புகூடத் திருட்டுப் போகக்கூடாது என்று முடிவு கட்டினேன். காப்சாய் என்ற சின்ன ரகத்தில் நீல நிறப் புது மோட்டார் வந்த அன்றே என் மணிக்கட்டுப் பருமனில் ஒரு சங்கிலியும், தேங்காய் மூடி அளவு பூட்டும், தரையில் பதிக்க ஓர் இரும்பு வளையமும் வாங்கினேன். "இத வெட்டணும்னா திருடன் லோரியில ஆள் கூட்டிட்டு வரணும்லா" என்றார் கடைக்காரர். அப்பா வாசல் போர்ச் தரையைத் தோண்டி, தானே சிமெண்ட் கலந்து, வளையத்தைப் பதித்தார். ஆனால் பூட்ட மட்டும் அவருக்கு மறந்துபோகும். அவர் வந்து இறங்கியதும் நான் ஓடிப்போய்ச் சங்கிலி போடுவேன். அமுக்கினால் மூடிக்கொள்ளும் பூட்டு, திறக்க மட்டுமே சாவி வேண்டும். அந்தச் சாவியையும் திருடன் கண்டுபிடிக்கக் கூடாது என்று அடிக்கடி இடம் மாற்றி ஒளித்து வைப்பேன்.

அப்போது எனக்கு இருபத்தெட்டு வயது. அதற்கு முன் இரண்டு குடும்பங்கள் வந்து போயிருந்தன. கல்யாணம் ஆனாலும் அப்பாவைத் தனியாக விடமாட்டேன் என்று இரண்டு முறையும் நான் சபையிலேயே சொன்னேன். இரண்டு முறையும் அவர்கள் பலகாரத்தை அப்படியே வைத்துவிட்டு எழுந்தார்கள்.

"இந்தத் தடவையாச்சும் அவங்கள முதல்ல சாப்பிட விடும்மா" என்று கெஞ்சினார் அப்பா.

ஞாயிற்றுக்கிழமை மூன்று மணிக்கு வருவதாகப் பேச்சு. இரண்டரைக்கு அப்பா வடை வாங்கக் கிளம்பினார். நான் நைட்டியோடு கேசரி கிளறிக்கொண்டிருந்தபோது வாசலில் மோட்டார் சத்தம் கேட்டது. கரண்டியோடு வெளியே வந்தேன். நீல நிறக் காப்சாய் மோட்டார், பக்கத்தில் ஆளில்லை. வழக்கம்போல அப்பா பூட்டாமல் எங்கேயோ போய்விட்டார் என்று முணுமுணுத்துக்கொண்டே சங்கிலியை வண்டியின் சட்டத்தில் நுழைத்து, வளையத்தில் மாட்டி, பூட்டை அமுக்கினேன். (மலாக்கா மாநிலத்தில் பாதிப் பேர் இதே நீல மோட்டார்தான் வைத்திருக்கிறார்கள். நம்பர் பிளேட் என்று ஒன்று இருப்பதை அன்றுதான் மறந்தேன்.)

வந்தவர் சரவணன். சுங்கை ஊடாங்கில் ஷிப்ட் வேலை. பின்சீட்டில் அவர் அம்மா. கிரில் சாத்தியிருந்ததால் இருவரும் பக்கத்து வீட்டில் விசாரிக்கப் போயிருக்கிறார்கள். அதற்குள் அப்பா வடையோடு வந்து, அவர்களை உள்ளே அழைத்து உட்கார வைத்தார். வெளியே விருந்தாளியின் வண்டிக்குச் சங்கிலி போட்டிருப்பதை அவர் பார்த்தார். மகளுக்கு எவ்வளவு பொறுப்பு என்று பூரித்துப்போய் வாயைத் திறக்கவில்லை.

எல்லாம் நன்றாகவே நடந்தது. நானும் என் நிபந்தனையைப் பற்றி வாயைத் திறக்கவில்லை. கேசரி தட்டில் மிச்சமில்லை. நாலேகாலுக்கு அவர் அம்மா எழுந்தார்.

"நாலரைக்கு ராகு காலம். அதுக்கு முன்னாடி படி எறங்கிரணும். போயிட்டு வரோம்."

வாசலுக்கு வந்தோம். சரவணன் வண்டியைப் பார்த்தார், சங்கிலியைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

"நல்ல லாக்குங்க. தொறக்கலாமா?"

அப்பா வடை வாங்கப் போகவேண்டுமே என்று காலையிலேயே பூட்டைத் திறந்துவிட்டு, வீட்டைச் சுத்தம் செய்தபோது சாவியை வேறு இடத்தில் ஒளித்தேன். அது மட்டும் நினைவிருந்தது. சாமி படத்தின் பின்னால், தலையணை உறைக்குள், அரிசி வாளிக்குள் என்று வீட்டையே கவிழ்த்தேன். மணி நாலரை ஆனது. அவர் அம்மா பெருமூச்சு விட்டு, செருப்பைக் கழற்றி மறுபடி உள்ளே வந்து உட்கார்ந்தார். "இனி ஆறு மணிக்குத்தான்" என்றார். எனக்கு அந்தப் போர்ச் தரை பிளந்து விழுங்கினால் தேவலை என்றிருந்தது.

தரை பிளக்கும் வேலை உண்மையிலேயே தொடங்கியது. ரம்பம் சங்கிலியில் ஒரு கீறல்கூடப் போடவில்லை. வளையத்தையே பெயர்ப்பது என்று முடிவாகி, வெள்ளைச் சட்டையை மடித்துவிட்டுக்கொண்டு சரவணன் உளியும் சுத்தியலுமாக உட்கார்ந்தார்.

"பாத்தீங்களா தம்பி, என்னா கெட்டி! நானே கலந்த சிமெண்ட்!" என்றார் அப்பா. ஒவ்வொரு அடிக்கும் தரை அசையாதபோது அவர் முகம் மலர்ந்தது. அம்மா போன பிறகு அப்பா அவ்வளவு உற்சாகமாகப் பேசி நான் கேட்டதில்லை.

தண்ணீர் கொடுக்கப் போன நான், இதற்கு மேல் கெடுவதற்கு ஒன்றுமில்லை என்ற தைரியத்தில் சொல்லிவிட்டேன்.

"கல்யாணம் ஆனாலும் நான் அப்பாவ தனியா விட்டுட்டு வரமாட்டேங்க."

அவர் சுத்தியலைக் கீழே வைத்தார். முகமெல்லாம் சிமெண்ட் தூள்.

"இந்த வீட்டுக்கு வந்த மோட்டாரே வெளிய வரமாட்டேங்குது. உங்கள எப்படிங்க கூட்டிட்டுப் போறது?"

அவர்தான் முதலில் சிரித்தார். அப்பா சிரிக்கவில்லை. தரையையே பார்த்துக்கொண்டு, "அவ அப்படித்தான் தம்பி, நீங்க மனசுல வச்சிக்காதீங்க" என்றார்.

ஆறேகாலுக்கு வளையம் பெயர்ந்தது, ஒரு பெரிய சிமெண்ட் கட்டியோடு. சங்கிலியை வண்டியிலிருந்து கழற்ற வழியில்லை. மகன் வண்டியை ஓட்ட, அவர் அம்மா எங்கள் வீட்டுத் தரையின் ஒரு பகுதியைத் துண்டில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு பின்னால் உட்கார்ந்து போனார். தெருவே நின்று பார்த்தது.

இரவுச் சாப்பாட்டுக்குச் சப்பாத்தி மாவு எடுக்கப்போன அப்பா, மாவு டின்னுக்குள்ளிருந்து சாவியை எடுத்து என் முன்னால் வைத்தார். திட்டவில்லை. திட்டியிருந்தால் பரவாயில்லை. சரவணன் வீட்டுக்குப் போன் போட்டேன். அவர் அம்மாதான் எடுத்தார்.

"ஆண்ட்டி, சாவி கெடச்சிருச்சு. நாளைக்கே கொண்டு வந்து தரோம்."

"நாளைக்கு எதுக்கு? அடுத்த ஞாயித்துக்கிழமை தட்டு மாத்த வருவீங்கள்ல, அப்போ கொண்டாந்தா போதும்லா."

நான் போனை அப்பாவிடம் கொடுத்துவிட்டுச் சமையலறைக்குப் போய் அழுதேன். அந்த ஒரு வாரமும் சரவணன் சங்கிலியையும் சிமெண்ட் கட்டியையும் கூடையில் வைத்துக்கொண்டுதான் வேலைக்குப் போய்வந்தார். வேலையிடத்து கேட்டில் இருந்த காவலாளி தினமும் இறக்கிக் காட்டச் சொன்னாராம்.

கல்யாணமாகி ஒன்பது வருஷம் ஆகிறது. என் மாமியார் மலாக்கா டவுனில் மூத்த மகன் வீட்டில் இருக்கிறார். "மத்தவ சீரா பாத்திரம் கொண்டு வருவா, என் மருமக தரையையே பேத்துக் குடுத்தா" என்று கோயிலில் பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்கிறார். நாங்கள் அப்பாவோடு ரெம்பியாவில்தான். வீட்டோடு மாப்பிள்ளை என்றால் நம்மவர்கள் சும்மா விடுவார்களா? ஒவ்வொரு விசேஷத்திலும் யாராவது ஒரு பெரியப்பா, "என்னப்பா, மாமனார் வீட்டுலயே தங்கிட்டியாமே?" என்று ஆரம்பிப்பார். சரவணன் வாழையிலையிலிருந்து தலையைக்கூட நிமிர்த்துவதில்லை.

"பொண்ணு பாக்கப் போன அன்னைக்கே சங்கிலி போட்டுட்டாங்க பெரியப்பா. சாவி கெடச்சும் நான்தான் போகல."

அப்பா உடனே பாயசம் கேட்டு, தன்னுடைய பங்கையும் சரவணன் இலையில் ஊற்றச் சொல்வார்.