எனக்கும் வாய் இருக்கு

ஒரத்தநாடு
18.7.1970

மாயவரத்தில் டீச்சராக இருக்கும் தங்கை அம்சவல்லிக்கு, அண்ணன் முருகையன் ஆசி கூறி, மகள் பொன்னுத்தாய் கையால் எழுதச் சொல்லும் கடிதம். இங்கே நாங்களும் கறவை மாடும் சுகம். அங்கே நீயும் மாப்பிள்ளையும் சுகம் என்று நாங்களாகவே வைத்துக்கொண்டோம்.

கோடை லீவுக்கு உன்னிடம் அனுப்பிய பொண்ணு, திரும்பி வந்ததும் கண்ணாடி முன்னால் நின்று, "பொன்னுத்தாய், நீ நல்லாப் படிப்பே. உனக்கும் வாய் இருக்கு. பயப்படாம பேசு" என்று தனக்குத்தானே சொல்ல ஆரம்பித்தாள். காத்து கருப்பு அடிச்சுட்டுதுன்னு உன் அண்ணி ஞானாம்பாள் ஒரே அழுகை. பூசாரியிடம் கூட்டிப் போனோம். அவர் வேப்பிலையை ஓங்கி, "யாரு நீ?" என்று அதட்ட, இவள், "நாலாங்கிளாஸ் பொன்னுத்தாய்ங்க. நல்லாப் படிப்பேங்க" என்றாள். "பேயெல்லாம் இவ்வளவு மரியாதையாப் பேசாதுய்யா" என்று திருநீறு பூசி அனுப்பிவிட்டார். கண்ணு படக்கூடாதுன்னு பிறந்ததிலேருந்து நாலு பேர் முன்னால, "இது சுத்த மக்குங்க"ன்னு நான் சொல்லிச் சொல்லி, புள்ளை அதை நம்பித்தான் பள்ளிக்கூடத்துல வாயே திறக்கலை, அதான் கண்ணாடி முன்னால பேசப் பழக்கிவிட்டேன்னு நீ சொன்னப்போ எனக்குக் கோபம்தான் வந்தது. உனக்குக் கடுமையா ஒரு கடிதம் எழுதுறதா இருந்தேன்.

நேற்று குத்தகைப் பதிவு விசாரணை. ஆறு மா நிலத்தை நான்தான் குத்தகைக்கு உழுகிறேன் என்று அதிகாரியிடம் வாய் திறந்து சொன்னால் நிலம் நம்ம கையில் நிற்கும், இல்லாவிட்டால் போச்சு. உன் அண்ணி நடவுக்குப் போனதால் பொண்ணும் என்னோடு வந்தாள். எதிரே நிலத்துக்குச் சொந்தக்காரரான பண்ணை அய்யா உட்கார்ந்திருக்கார். அவரைப் பார்த்ததும் தோள்ல கிடந்த துண்டு தானா கக்கத்துக்கு வந்துட்டுது. அவரோட காரியக்காரர் சிங்காரவேலு, "இவன் கூலியாளுங்க, அவனையே கேளுங்க"ங்கிறார். அதிகாரி கேக்குறார். எனக்கு நாக்கு ஒட்டிக்கிச்சு. பொண்ணு வேட்டியைப் பிடிச்சு இழுத்து, "அப்பா, கண்ணாடி இல்லாட்டியும் சொல்லலாம்"னுது. கண்ணை மூடிக்கிட்டுக் கத்திட்டேன்: "முருகையா, உனக்கும் வாய் இருக்கு! பயப்படாம பேசு! பதினெட்டு வருஷமா நீதானே உழுது குத்தகை நெல் அளக்குறே!"

"யாருகிட்டய்யா பேசுறே?"ன்னார் அதிகாரி.

"என்கிட்டத்தாங்க. நீங்களும் எழுதிக்குங்க."

எழுதிக்கிட்டார், அம்சம்! பக்கத்து வயல்காரங்களும் சாட்சி சொல்ல, பேர் பதிவாயிட்டுது. துண்டை உதறித் தலையில் கட்டிக்கொண்டு, பொண்ணைத் தோளில் உட்கார வைத்து வீடு வரைக்கும் நடந்தேன். வழியெல்லாம் அழுகை. நிலம் நின்ன சந்தோஷம் ஒரு பக்கம், என் புள்ளை வாயை நானே கட்டிப் போட்டிருந்தேனேங்கிறது ஒரு பக்கம். நீ அவிழ்த்து விட்டே தாயி. அவளுக்கு மட்டுமில்லை, எனக்கும். இதுக்கு எப்படி நன்றி சொல்றதுன்னு எனக்குத் தெரியலை. குறுவை அறுத்ததும் முதல் மூட்டை உன் வீட்டுக்குத்தான்.

உன் வயிறும் மனசும் என்றைக்கும் நிறைஞ்சே இருக்கணும்.

உன் அண்ணன்
முருகையன் (கைநாட்டு)

பி.கு.: முக்கியமான விஷயம். இந்தக் கடிதத்தை யாருக்கும் காட்டாதே, கண்ணு பட்டுடும். யார் கேட்டாலும் பதிவு இன்னும் ஆகலைன்னு சொல்லு. பொண்ணைப் பத்தி விசாரிச்சா, சுத்த மக்கு, ஒண்ணும் தேறாதுன்னு சொல்லி வை.

அத்தை, அப்பா சொன்னதால் பி.கு.வையும் எழுதினேன். நிலத்தைப் பத்தி அப்பா சொன்னபடியே சொல்லுங்க. என்னைப் பத்திக் கேட்டா உள்ளதைச் சொல்லுங்க.
பொன்னுத்தாய்