ஞானப்பூ மாமியின் கல்லறைக் கல்

எங்கள் குடும்பத்தில் பொறுப்பான காரியங்கள் எல்லாம் என்னிடம்தான் வந்து சேரும். நான் கெட்டிக்காரன் என்பதால் அல்ல, ஊரிலேயே இருக்கிறவன் நான் ஒருவன்தான் என்பதால். மற்றவர்கள் மஸ்கட்டிலும் துபாயிலும் பெங்களூரிலும் இருந்துகொண்டு வீடியோ காலில் பாசம் காட்டுவார்கள். ஆஸ்பத்திரியில் டோக்கன் எடுப்பது, தேங்காய் வெட்ட ஆள் பிடிப்பது போன்ற வேலைகள் உள்ளூர்க்காரனுக்கு. இதில் எனக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு. நான் இல்லாவிட்டால் இந்தக் குடும்பம் நடுத்தெருவில் நிற்கும் என்று நினைத்துக்கொள்வேன். (நான் இருந்ததால்தான் ஒருநாள் அப்படி நின்றது.)

ஞானப்பூ மாமி என் அப்பாவின் அக்கா. எண்பதைத் தாண்டியவள், இரணியல் பக்கம் ஒரு ஊரில் தனியாக இருக்கிறாள். வயதானால் சிலர் பயப்படுவார்கள், சிலர் பக்தியில் இறங்குவார்கள். மாமி கேலியில் இறங்கிவிட்டாள். காதுக்கு மெஷின், வாய்க்குப் பல் செட், கண்ணுக்குச் சொட்டு மருந்து. யாராவது சௌக்கியம் விசாரித்தால், “ஒரிஜினலா மிச்சம் இருக்கது நாக்கு ஒண்ணுதாம் மக்கா. அதுக்கு ஒரு கேடும் வரல்ல” என்பாள். அது ஊருக்கே தெரியும்.

அவளுடைய ஒரே மகன் ராபின் மஸ்கட்டில் இருக்கிறான். மாமா இறந்தபோது வந்து போனவன், அப்புறம் வரவே இல்லை. “அடுத்த கிறிஸ்மஸுக்கு கண்டிப்பா வாறேம்மா” என்பான் ஒவ்வொரு கிறிஸ்மஸுக்கும். “அதுக்கென்ன, வேலையப் பாரு” என்பாள் மாமி. போனை வைத்த பிறகு அணைந்த திரையைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருப்பாள். நான் அப்போது கேலண்டரில் ஏதாவது தேதி தேடுவேன்.

ஒருநாள் என்னைக் கூப்பிட்டாள். “ஏலே, மயிலாடிக்குப் போயி எனக்கு ஒரு கல்லு செய்யச் சொல்லணும்.”

“அம்மியா மாமி?”

“மிக்ஸி இருக்கும்போ அம்மி எதுக்குலே? எனக்க கல்லறைக்கு.”

நான் திடுக்கிட்டதை அவள் சட்டை செய்யவில்லை. மாமாவின் கல்லை ராபின் மஸ்கட்டில் இருந்தபடியே வாட்ஸப்பில் ஏற்பாடு செய்திருந்தான். முழுக்க ஆங்கிலம். “மாமாவுக்க தலைமாட்டுல என்ன எழுதியிருக்குன்னு அந்த மனுசனுக்கே தெரியாது. எனக்கு அந்தக் கெதி வேண்டாம். எனக்க கல்லுல என்ன இருக்குன்னு நான் வாசிச்சுப் பாத்துட்டுத்தாம் போவேன்.”

வாசகமும் தயாராக இருந்தது. ‘ஞானப்பூ. இருந்தது போதும். இனி உங்க பாடு.’ கீழே பிறந்த தேதி, பக்கத்தில் மறைவு என்று போட்டு இடம் மட்டும் விட வேண்டும். நிபந்தனை ஒன்றே ஒன்று. “ராபினுக்குத் தெரியப்பிடாது. அம்மை சாவுக்கு ரெடியாயிட்டான்னு வெப்ராளப்பட்டுக் கெடப்பான். அங்க இருந்து அழுது என்ன பிரயோஜனம்?” நான் தலையில் அடித்துச் சத்தியம் செய்தேன்.

மயிலாடியில் கல் கொத்துகிறவர் தாளில் எழுதிக்கொண்டே, “அம்மா எப்பம் போனாங்க?” என்று கேட்டார்.

“போகல்ல அண்ணாச்சி. நேத்துதாம் என்னெ ஏசினாங்க.”

அவர் பென்சிலைக் கீழே வைத்துவிட்டு என்னை ஒருமுறை நன்றாகப் பார்த்தார்.

கல் தயாரானது. மாமி கண் பரிசோதனைக்கு வழக்கமான ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்குப் போகும் நாளையே நான் தேர்ந்தெடுத்தேன். அவள் திரும்புவதற்குள் கல்லைப் பின்பக்கம் சாய்த்து வைத்துவிட்டால் ஒரு குருவிக்கும் தெரியாது. கல்லை மினி லாரியில் ஏற்றி, சாக்குப் போட்டு மூடி, டிரைவரிடம், “நீங்க முன்னால போங்க, நான் ஸ்கூட்டர்ல பின்னால வாறேன். ஞானப்பூ அம்மா வீடுன்னு கேட்டா சின்னப்பிள்ளையும் சொல்லும்” என்றேன். என்ன ஒரு ஏற்பாடு!

போகிற வழியில் நாகர்கோவிலில் ஒரு கடையில் ரசவடை சூடாக இருந்தது. ஒன்றே ஒன்று என்றுதான் உட்கார்ந்தேன். (ரசவடையை ஒன்றோடு நிறுத்தியவனை எங்கள் மாவட்டத்தில் நான் பார்த்ததில்லை.)

இதற்குள் டிரைவர் மாமி ஊர் ஜங்ஷனை அடைந்து, “ஞானப்பூ அம்மா வீடு எது?” என்று கேட்டிருக்கிறார். எங்கள் பக்கத்தில் இரண்டு வீட்டுக்கு ஒரு ஞானப்பூ. “எந்த ஞானப்பூ?” என்று கேட்டார்கள். அவர் சாக்கைத் தூக்கிக் கல்லைக் காட்டி, “இந்த அம்மாதான்” என்றார்.

அந்த வாசகம் எந்த ஞானப்பூவின் நாக்கு என்று ஊருக்குத் தெரியாதா? டீக்கடையில் டம்ளர்கள் அப்படியே நின்றுவிட்டனவாம். லாரி மாமி வீட்டுக்குப் போனபோது பின்னால் பைக்குகள் வரிசையாக வந்தன. வீடு பூட்டிக் கிடந்தது. டிரைவர் கல்லை முன்சுவரில் ரோட்டைப் பார்த்துச் சாய்த்து வைத்து, நல்ல மனிதர், கொஞ்ச நேரம் கைகூப்பி நின்றுவிட்டுப் போயிருக்கிறார். காலையில் மாமி ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்குப் போனதை எல்லோரும் பார்த்திருந்தார்கள். அவளுடைய போன் வீட்டுக்குள்ளே அடித்துக்கொண்டே இருந்தது. இனி என்ன சந்தேகம்? மறைவுத் தேதி இல்லாததற்கும் ஊர் விளக்கம் கண்டுபிடித்துவிட்டது. “பாவம், தேதி கொத்தக்கூட நேரம் கிடைக்கல்ல போல.”

மூன்றாவது வடையில் எனக்குப் போன் வந்தது. மஸ்கட்டிலிருந்து ராபின். “ஏலே, எங்கிட்ட மறைச்சிட்டியேலே!”

கல் விஷயம் வெளியே வந்துவிட்டது என்று நினைத்து வடையைக் கீழே வைத்தேன். “மன்னிச்சிரு மச்சான். மாமிதாம் உங்கிட்ட சொல்லப்பிடாதுன்னு சத்தியம் வாங்கினா.”

“என்னலே சொன்னா?”

கல்லில் என்ன எழுதச் சொன்னாள் என்று கேட்கிறான் என நினைத்து, “‘இருந்தது போதும், இனி உங்க பாடு’. அம்புட்டுதாம் சொன்னா” என்றேன்.

நாற்பத்தைந்து வயது ஆண்பிள்ளை அப்படி அழுது நான் கேட்டதில்லை. ஒரு கல்லுக்கா இவ்வளவு அழுகை என்று ஆறுதலாக, “நல்ல கருங்கல்லு மச்சான், நெறைய காலம் நிக்கும்” என்று சொல்லி முடிப்பதற்குள் போன் கட்டாகிவிட்டது.

ஊருக்குள் நுழையும்போது சர்ச்சில் துக்க மணி அடித்துக்கொண்டிருந்தது. ‘ஐயோ, யாரோ போய்ச் சேர்ந்துட்டாங்களே’ என்று நானும் நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டேன். மாமி வீட்டு முற்றத்தில் தார்ப்பாய் கட்டி, பிளாஸ்டிக் நாற்காலி போட்டிருந்தது. அடுத்த வீட்டுத் தங்கபாய் ஓடிவந்து என்னைக் கட்டிக்கொண்டாள். “எப்பிடித் தங்கமான மனுசி! ஒருத்தர ஒரு சொல்லு சொல்லியிருப்பாளா!” (ஒரு பலாமரக் கிளைக்காக மாமி அவளைச் சொன்ன சொற்களை அச்சிட முடியாது.)

எனக்கு எல்லாம் புரிந்து, வாயைத் திறக்கும் நேரத்தில் மாமியின் ஆட்டோ வந்து நின்றது. கறுப்புக் கண்ணாடியோடு இறங்கிய மாமி முற்றத்தைப் பார்த்தாள். “யாருலே போனது?”

பின்வரிசையில் ஒருவர் நாற்காலியோடு சரிந்தார். மாமி நேரே கல்லிடம் போனாள். கண்ணாடியை உயர்த்தி வாசித்தாள், எழுத்தை விரலால் தடவினாள். “கொத்து நல்லா வந்திருக்கு” என்று சொல்லிவிட்டு முன்வரிசையில் உட்கார்ந்தாள். “தங்கபாய், நீ ஏன் நிறுத்திட்ட? தங்கமான மனுசி... அதுக்குப் பொறவு?”

தங்கபாய் சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் இரண்டையும் செய்தாள். துக்க வீட்டுக்கென்று சொல்லி வைத்த கட்டன் சாயா வந்து இறங்கியது. செத்தவளே எல்லோருக்கும் எடுத்துக் கொடுத்தாள்.

கூட்டம் கலைந்து இருட்டிய பிறகுதான் எனக்கு ராபின் ஞாபகம் வந்தது. போட்டுப் பார்த்தால் சுவிட்ச் ஆஃப். அவன் பிளேன் ஏறிவிட்டான் என்று அவன் மனைவி சொன்னாள். வேர்த்து வழிய மாமியிடம் போய்ச் சொன்னேன், வசவுக்குத் தயாராக நின்றேன்.

மாமி ஏசவில்லை. “வாறானா?” என்று மட்டும் கேட்டாள். அன்று அவள் கேலி பேசாமல் நான் கேட்ட ஒரே வார்த்தை அதுதான். பிறகு, “நெய்மீன் கிடைக்குமான்னு பாரு” என்றாள்.

மறுநாள் காலை கார் வந்தது. தாடியும் கசங்கிய சட்டையுமாக இறங்கிய ராபின், வாசலில் பல் செட்டோடு நின்ற அம்மாவைப் பார்த்து அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான். படியில் உட்கார்ந்த அவள் மடியில் முகத்தை வைத்து அழுதான். அழுது முடித்ததும் என் பக்கம் திரும்பினான். “கொலகாரப் பாவி! உயிரோட இருக்க எங்க அம்மையக் கொன்னுட்டியேலே!”

“அவன ஏசாத” என்றாள் மாமி, இலையில் சோறு வைத்துக்கொண்டே. “அவன் கொன்னதுனாலதாம் நீ வந்திருக்க. மீனு ஆறுது, தின்னு.”

ராபின் தலை குனிந்து தின்றான். எனக்கும் கண் கலங்கிவிட்டது, மறைக்க ஒன்றுமில்லை.

அதிலிருந்து குடும்பத்தில் எனக்குப் பெயரே மாறிவிட்டது. கல்யாண வீடுகளில் புது மாப்பிள்ளைகளுக்கு என்னை, “இவருதாம் மாமியக் கொன்னவரு” என்றுதான் அறிமுகம் செய்கிறார்கள். ராபின் இரண்டு கிறிஸ்மஸுக்குத் தவறாமல் வந்தான். இந்த வருடம் கம்பெனியில் லீவு தரவில்லையாம். நேற்று மாமி எனக்குப் போன் செய்தாள்.

“மக்கா, உனக்கு வேல ஒண்ணும் இல்லேன்னா, என்னெ இன்னொருக்கா கொன்னு தாறியா?”