பவழமல்லிக்கு மோர் ஊற்றிய முயல்

ஒரு காட்டில் வேதவல்லி என்றொரு முயல் இருந்தாள். பிள்ளைகளெல்லாம் ஆளுக்கொரு வளைக்குப் போய்விட்டார்கள். கடைக்குட்டிக்கு மட்டும் வேலை அமையவில்லை.

"பிள்ளையாரப்பா, அவனுக்கு மிருகக்காட்சி சாலையில் ஒரு கூண்டு கிடைக்கட்டும். வருகிற ஆவணிச் சதுர்த்திக்கு என் வாசலில் உதிர்கிற பவழமல்லியை என் கையாலேயே பொறுக்கி உனக்கு மாலை போடுகிறேன்" என்று வேண்டிக்கொண்டாள்.

கூண்டு கிடைத்தது. வேளாவேளைக்குக் கேரட்.

வாசலில் பவழமல்லியே இல்லை என்பது அப்புறம்தான் உறைத்தது; உடனே ஒன்று நட்டாள். மிஞ்சிய ஒரு கன்றைப் பக்கத்து வீட்டு எருமை செங்கமலத்திடம் நீட்டினாள்.

"ஓரமா வெச்சிட்டுப் போங்கக்கா" என்றாள் செங்கமலம், படுத்தபடியே. வேலியோரம் அதையும் வேதவல்லியே நட்டாள்.

பங்குனி வெயிலில் இரண்டு செடியும் இலையைக் கொட்டி மொட்டையாக நின்றன. பவழமல்லி அந்த மாதத்தில் அப்படித்தான் தூங்கும். வேதவல்லிக்கு அது தெரியாது. செங்கமலத்துக்கும் தெரியாது, அவளும் தூங்கிக்கொண்டிருந்தாள்.

"ஐயோ, சாமிக்கு நேர்ந்துகிட்ட செடியாச்சே!" என்று வேதவல்லி பதற, குரங்கு கோவிந்தன் கைப்பேசியோடு குதித்தான்.

"கவலைய விடுங்கத்தை, வீடியோ பார்ப்போம்."

ஒரு வீடியோ மோர் ஊற்றச் சொன்னது. ஊற்றினாள். இன்னொன்று வேரைக் கிளறச் சொன்னது. கிளறினாள். அடுத்தது, வேரைத் தொடவே கூடாது என்றது. அதற்குள் கிளறியாகிவிட்டது. போதாததற்குக் காலையும் மாலையும் குடம் குடமாகத் தண்ணீர்.

"உன் செடிக்கு என்னடி பண்றே, செங்கமலம்?"

"எந்தச் செடிக்கா?"

ஆடி மழை பெய்தது. செங்கமலத்தின் செடி துளிர்த்து, மொட்டு வைத்தது. வேதவல்லியின் செடி வேரழுகிப் போய், தொட்டதும் சாய்ந்தது.

சதுர்த்தி விடிந்தது. பிள்ளையாருக்கு என்ன பதில் சொல்வது என்று கண்ணைத் துடைத்தபடி கதவைத் திறந்தாள். வாசல் முழுக்கப் பவழமல்லி! செங்கமலம் அதில் உரசி முதுகு சொறிந்து சொறிந்தே அவள் செடி வேலி தாண்டி இந்தப்பக்கம் சாய்ந்திருந்தது.

"அடியே, உன் பூவெல்லாம் என் வாசல்ல கிடக்கு!"

"நீங்களே எடுத்துக்கோங்கக்கா. அதுக்காக நான் எந்திரிச்சு வரணுமா?"

தரையில் உதிர்ந்ததைப் பொறுக்கிச் சாமிக்கு வைக்கிற பூ அது ஒன்றுதானே? வேதவல்லி முந்தானை நிறைய அள்ளினாள். பிள்ளையாருக்கு மாலை விழுந்தது. யார் வீட்டுச் செடி என்று அவர் கேட்கவில்லை.

கோவிந்தன் மட்டும் அதைப் படம் பிடித்துப் போட்டான்: "மோர் ஊற்றுங்கள், பவழமல்லி கொட்டும்!"

நீதி: பூஜைக்குப் பூ வேண்டுமானால் செடி வளர்க்காதீர்கள், நல்ல சோம்பேறியாகப் பார்த்து, பக்கத்தில் குடியேறுங்கள்.