கிரில் அண்ணன் கட்டிய கூண்டு

உலகம் எப்போது அழியும் என்று தெரிந்துகொள்ள, மலேசியாவில் கெடா மாநிலத்து எங்கள் திகாம் பத்துவில் யாரும் ஜோசியரைத் தேடிப் போக வேண்டியதில்லை. என் பக்கத்து வீட்டுக் கிரில் அண்ணனைக் கேட்டால் போதும். வீடுகளுக்கு இரும்புக் கிரில் போடும் வெல்டர் அவர். ஜன்னலுக்கு அளவெடுக்கக் கூப்பிட்டவர்களிடமே, "போட்டுத் தர்றேன்லா. ஆனா திருடன் நெனச்சா கூரையப் பிரிச்சுக்கிட்டு வருவான்" என்பார். பாதிப் பேர் அப்போதே மனம் மாறிவிடுவார்கள்.

அப்படிப்பட்டவரிடம்தான் அவர் மகள், சிங்கப்பூருக்கு வேலைக்குப் போகும்போது, ஒரு சின்சில்லா ஜோடியை விட்டுப் போனாள். அணில் முகம், முயல் உடம்பு, பொசுபொசுவென்று சாம்பல் ரோமம். குளிர்மலைப் பிராணி, கெடா வெயிலில் வெந்துவிடும்.

"பத்திரமா பாத்துக்கப்பா."

"பாத்துக்கறேன். ஆனா ரெண்டு வாரம் தாங்காது, சொல்லிட்டேன்."

வீட்டிலிருந்த ஒரே ஏர்கான் அறை அவற்றுக்குப் போனது. அண்ணன் கூடத்தில் பாய் விரித்தார்.

மகள் வாங்கிய கூண்டுக்குப் பிளாஸ்டிக் தட்டு. சில நாளிலேயே இரண்டும் அதன் மூலையைக் கொறித்துவிட்டன. "வயித்துல அடைச்சுக்கும். ஹபிஸ்லா, எல்லாம் முடிஞ்சது!" என்று தலையில் கை வைத்தவர், பழைய பெட்டிப் பலகையில் ஒரு வீடு செய்து, அழகுக்கு நீலப் பெயிண்டும் அடித்தார். பக்கத்து நகரமான சுங்கைப் பட்டாணியின் மிருக டாக்டரம்மா, அவர் போனில் காட்டிய படத்தைப் பார்த்துப் பதறிவிட்டார்.

"அங்கிள், இதுங்க எதையும் கடிக்கும். பெயிண்ட், மருந்தடிச்ச பலகை எதுவும் ஆகாது."

அண்ணன், கூடப் போயிருந்த என் பக்கம் திரும்பினார். "கேட்டியா தம்பி? அழகு பண்ணிக் கொல்லப் பாத்திருக்கேன்."

பிறகு தன் தொழிலையே நம்பினார். இரும்புக் கூண்டு, கம்பித் தரை. கம்பி பட்டுப் பாதங்கள் புண்ணாயின. தரைக்கு வெறும் பைன் பலகை போட்டார். புண் ஆறியது.

அதற்குள் குட்டிகள் பிறந்தன, இரண்டு. கண் திறந்து, ரோமத்தோடு, பிறந்த அன்றே துள்ளின. மறுநாள் காலை ஒன்று பக்கவாட்டுக் கம்பிகளுக்கு நடுவே நழுவி, சிமெண்டுத் தரையில் செத்துக் கிடந்தது.

அண்ணன் பட்டறை வாசலில் உட்கார்ந்திருந்தார். நான் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"ஊர்ல பாதி ஜன்னலுக்குக் கம்பி போட்டவன் நான். உள்ள வர்ற திருடனையே நெனச்சுப் பழகிட்டேன். சின்னதா ஒண்ணு வெளிய விழும்னு தோணலையே, தம்பி."

துத்தநாகம் பூசிய வலையைக் கடித்தாலும் கெடுதி என்று டாக்டரம்மாவிடம் கேட்டறிந்து, பொடிக்கண் ஸ்டெயின்லெஸ் வலை வாங்கிவந்து புதுக் கூண்டு கட்டினார். குட்டி விழுந்தாலும் அடிபடாதபடி உள்ளே ஏறி விளையாடும் தட்டுகளைத் தாழ்வாக வைத்தார். இன்று தாயைவிடக் கொழுத்துத் திரியும் மற்றக் குட்டி, அந்தக் கூண்டில் வளர்ந்ததுதான்.

அந்தக் கூண்டைச் செய்தபோது, வலையின் வெட்டிய ஓரங்களை அரத்தால் ராவி, ஒவ்வொன்றையும் தன் கன்னத்தில் தேய்த்துப் பார்த்தார்.

"என்னண்ணே பண்றீங்க?"

"வெல்டிங் பண்ணிப் பண்ணிக் கை காய்ச்சுப் போச்சு. அதுக்குக் கூர் தெரியாது."

அன்று மாலை சாப்பாட்டுக் கடைக்குப் போனோம். அவர் முகமெங்கும் கீறல். கடைக்காரர் அதிர்ந்து, "என்னண்ணே மூஞ்சி?" என்றார்.

"பிளேடு சரியில்ல" என்றார் அண்ணன், தட்டைப் பார்த்துக்கொண்டே.

"ஆமா" என்றேன் நான். "இப்ப வர்ற பிளேடெல்லாம் ரொம்ப மோசம்லா."